பெரியவர் நின்ற பிறகும் வந்த லேபிள்

அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் காலையில் வருகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி, "பெரியவர் எழுந்துட்டாரா?" என்பதுதான்.

பெரியவர் மனிதர் இல்லை. தொழிற்சாலையை நடத்துகிற மென்பொருள். ஆர்டர் எடுப்பது, மூலப்பொருள் வாங்குவது, சரக்கு இருப்பு, சம்பளம், விடுப்பு, லாரிக்கு கேட் திறப்பது எல்லாம் அவர் வழியாகத்தான். அதை விற்ற நிறுவனம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஊழியர்கள் தாங்களே ஒன்றை வைத்துக்கொண்டார்கள். "பெரியவர் யோசிக்கிறார்" என்றால் திரையில் வட்டம் சுற்றுகிறது. "பெரியவர் கோவமா இருக்கார்" என்றால் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்திருக்கிறது. "பெரியவர் ஒத்துக்கல" என்றால் விடுப்பு கிடைக்கவில்லை, மேனேஜர் பழியிலிருந்து தப்பித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

இந்தப் பெரியவருக்கு வைத்தியம் பார்ப்பவரைத்தான் பஞ்சர் மேடம் என்கிறார்கள்.

பெயருக்குக் காரணம் அவரேதான். மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், விற்ற நிறுவனம் ஒரு திருத்தம் அனுப்பும். அதை ஏற்ற வேண்டியது இவர் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் யாரோ அது என்னவென்று கேட்க, "டியூப்ல ஒட்டு போடுற மாதிரிதாங்க. எங்க அப்பாவோடது பஞ்சர் கடைதான்" என்று சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் பெயர் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் போனை எடுத்தாலே "பஞ்சர் மேடம் பேசுறேன், சொல்லுங்க" என்கிறார்.

கடை இன்னமும் அதே தெருமுனையில் இருக்கிறது, அண்ணன் நடத்துகிறார். அலுமினியத் தொட்டியில் கலங்கிய தண்ணீர், கம்பியில் தொங்கும் டியூப்கள், கம்ப்ரசரின் இரைச்சல். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருவருக்கும் தொட்டி வேலை. காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். குமிழி வருகிற இடத்தில் ஓட்டை. ஒட்டுப் போட்டால் வேலை முடிந்துவிடாது. மறுபடி காற்று, மறுபடி தொட்டி, மறுபடி முழுச் சுற்று. ஆணி ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கத்தையும் பதம் பார்த்திருக்கலாம். ஒருநாள் அண்ணன் அந்த இரண்டாவது சுற்றை விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார். பால்காரர் ஒருவர் பாதி வழியிலிருந்து கேன்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று திட்டியதைத் தெருவே கேட்டது. அண்ணனுக்கு அது மறந்துவிட்டது. தங்கைக்கு மறக்கவில்லை.

படித்தது கணினி. முதல் வேலையே இந்தத் தொழிற்சாலைதான். இங்கே தயாராவது டயாலிசிஸ் கரைசல்; சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மருத்துவமனையில் இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்யும்போது தேவைப்படுவது. வெள்ளைக் கேன்களில் அடைத்து, லேபிள் ஒட்டி, லாரியில் ஏற்றி, சுற்று வட்டாரத்து மருத்துவமனைகளுக்கெல்லாம் போகும். இவர் சேர்ந்த அதே சமயத்தில்தான் பெரியவரும் வந்தார். அவரோடு டை கட்டிய கூட்டம் ஒன்று வந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து படம் படமாக வரைந்தது. ஆறு மாதப் பயிற்சி கொடுத்தது. கேக் வெட்டிவிட்டுப் போனது. அவர்கள் போன பிறகு பெரியவர் மட்டும் இருந்தார். பக்கத்தில் இவர் இருந்தார்.

வீட்டில் கணவர், கல்லூரி போகும் மகள், மாமியார். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மனைவியின் தொழில் வீட்டுக்குள்ளும் வருவது அவருக்கு நித்தியக் குறை. "எங்க வீட்டுக்குள்ள போக எனக்கே ஓ.டி.பி. வேணும்" என்பார் சக ஓட்டுநர்களிடம். மகளின் பிறந்த தேதியை போனுக்கு ரகசிய எண்ணாக வைத்திருந்த குற்றத்துக்காக அவர் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. மாமியாருக்கோ மருமகளைப் பற்றிப் பெருமை. "என் மருமகளுக்கு எல்லாரையும் சந்தேகப்படுற வேலை. அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்க. நான் இத்தனை வருஷமா சும்மாவே செஞ்சுட்டு இருந்தேன்" என்பார்.

அந்த வியாழக்கிழமை காலையில் பஞ்சர் மேடம் நாற்காலியில் பையை மாட்டுவதற்கு முன்பே மின்னஞ்சல் வந்து காத்திருந்தது. பெரியவரை விற்ற நிறுவனம் அனுப்பியது. புதிய ஓட்டை, ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து.

"பள்ளிக்கூடத்துல கூட யாருக்கும் இந்த மார்க் போட்டதில்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது.

பெரியவரிடம் ஒரு பக்கம் உண்டு. சரக்கு தருகிற வெளியாட்கள் படம், வரைபடம், சான்றிதழ் போன்றவற்றை ஏற்றுவதற்கான பக்கம். மற்ற எல்லா இடத்திலும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற பெரியவர், அந்தப் பக்கத்தின் பின்னால் இருந்த ஒரு முகவரியில் மட்டும் எதையும் கேட்க மறந்திருந்தார். வாசலில் காவலாளி நிற்கிறார், அட்டையைப் பார்க்கிறார். ஆனால் பக்கவாட்டு ஜன்னலில் யார் பார்சலை நீட்டினாலும் உள்ளே இருப்பவர் வாங்கிக்கொள்கிறார். வாங்குவது மட்டுமல்ல. அதற்குள் ஓர் உத்தரவு இருந்தால், முதலாளியே சொன்ன மாதிரி அதை நிறைவேற்றியும் விடுகிறார். சம்பளத்தை மாற்று என்றாலும் சரி, எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேள் என்றாலும் சரி.

உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் நீட்டலாம். ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று மின்னஞ்சலின் கடைசி வரி சொன்னது.

அவர் நேராக மேனேஜரிடம் போகவில்லை. படி இறங்கி, வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். அலுவலக வைஃபையை அணைத்தார். தன் சொந்த போனில், எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல், கண்ணில் பட்ட ஒன்றைப் படம் எடுத்து அந்த ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். போய்விட்டது. தடுக்க ஆளில்லை.

பிறகுதான் மேனேஜர் அறை.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல நான் சொல்ற முகவரியை அடிங்க."

மேனேஜர் அடித்தார். கம்பெனியின் சொந்த முகவரியில், கம்பெனியின் சின்னத்துக்குக் கீழே, ஒரு காரின் பின்சக்கரம் தெரிந்தது. தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தது.

"இது என் வண்டிதானே?"

"ஆமா சார். பின் சக்கரத்துல காத்தே இல்ல. அது இருக்கட்டும். இந்தப் படத்தை நான் வெளியாள் மாதிரி, பாஸ்வேர்டு இல்லாம, கீழ வண்டி ஸ்டாண்டுல நின்னு பெரியவர் வயித்துக்குள்ள போட்டேன். நான் போட்டது படம். வேற ஒருத்தர் வேற எதையாவது போடுவாங்க."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் எந்தப் பிரச்சினையையும் வார இறுதிக்குத் தள்ளுகிற பழக்கம் உண்டு. "ஒட்டு வந்திருக்குல்ல? சனிக்கிழமை போட்டுக்கலாம். ஆள் இருக்க மாட்டாங்க."

"திருடன் சனிக்கிழமை வரேன்னு சொல்லி இருக்கானா சார்?"

"அதுக்காக வேலை நேரத்துல பெரியவரை நிறுத்த முடியுமா? மதியம் லோடு போகணும்மா."

"இப்பவே நிறுத்தணும். லோடு போறதுக்குள்ள எழுப்பிக் கொடுக்கிறேன். அது என் பொறுப்பு."

சொல்லிவிட்டார். குரலில் தடுமாற்றம் இல்லை. ஆனால் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். மதியம் போகிற கேன்கள்தான் மறுநாள் காலையில் மருத்துவமனைக் கட்டில்களில் கை நீட்டிப் படுக்கிறவர்களுக்கு. லேபிள் இல்லாத கேனை எந்த மருத்துவமனையும் வாங்காது. பெரியவர் சம்மதம் இல்லாமல் எந்த லாரியும் கேட்டைத் தாண்டாது. லாரி போகவில்லை என்றால், ஒட்டுப் போட்டது எவ்வளவு சரி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தகவல் கேட்டு முதலில் ஓடி வந்தவர் லோடு அண்ணன். லாரிகளுக்குப் பொறுப்பானவர், மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"மேடம், கேள்விப்பட்டது நிஜமா? பெரியவரைப் படுக்க வைக்கப் போறீங்களாமே?"

"கொஞ்ச நேரம்தான் அண்ணே."

"ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறவங்களும் இதைத்தான் சொல்றாங்க. என் டிரைவருங்க எட்டு பேர் வெளிய நிக்கிறாங்க. அவங்ககிட்ட போய் என்ன சொல்லட்டும்?"

"மேனேஜர் வண்டிக்கு ஸ்டெப்னி மாத்தச் சொல்லுங்க. வேலை இருந்த மாதிரியும் இருக்கும்."

லோடு அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்தவர் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெரியவர் குடியிருக்கும் சர்வர் அறை, மாடியில் ஸ்டோருக்கும் கழிவறைக்கும் நடுவில் இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு நீல வாளி. பஞ்சர் மேடம் உள்ளே போய், கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்து, உட்கார்ந்தார். எல்லோரும் வெளியேறும்படி திரைகளில் அறிவிப்புப் போட்டார். பிறகு பெரியவரைப் படுக்க வைத்தார்.

கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது போலிருந்தது. கணக்குப் பிரிவில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. வருகைப் பதிவு இயந்திரம் 'பீப்' அடிப்பதை விட்டது. பெரியவர் தூங்கினால் யாருக்கும் வேலை இல்லை. அது யார் குற்றமும் இல்லை. தேநீர்க் கோப்பைகளோடு தாழ்வாரம் நிறைந்துவிட்டது. ஒரே தளத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்தும் பேசிக்கொள்ளாதவர்கள் அன்றைக்குக் குழந்தைகளின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள்.

ஒட்டு ஏறத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு நத்தை வேகத்தில் நகர்ந்தது. அதை முறைத்துப் பார்ப்பதால் வேகமாக ஓடாது என்று தெரிந்தவர் அவர். எழுந்தார். இனித் தொட்டிச் சுற்று. பெரியவர் நின்றுவிட்டார் என்றால் எல்லாமே நின்றிருக்க வேண்டும். நிற்காதது ஏதாவது இருந்தால் அங்கே குமிழி.

தர ஆய்வகம் அமைதி. ஸ்டோர் அமைதி. கேட்டில் காவலாளி, உயர்த்த முடியாத தடுப்புக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு செய்தித்தாள் படித்தார். கடைசியாகப் பேக்கிங் கூடம்.

கதவைத் தள்ளியதும் காதில் விழுந்தது. ஜ்ர்ர்ர்க். டக். ஜ்ர்ர்ர்க். டக்.

லேபிள் பிரிண்டர். மூலையில் உட்கார்ந்து நிதானமாக லேபிள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, எல்லாம் அச்சுப் பிசகாமல். பெண்கள் ஒவ்வொன்றாகக் கிழித்துக் கேனில் ஒட்டினார்கள். கட்டடத்திலேயே வேலை நடந்துகொண்டிருந்த ஒரே இடம் அதுதான்.

பஞ்சர் மேடம் நேராகப் பிரிண்டர் பக்கம் போனார்.

பேக்கிங் கூடத்தின் தலைவிக்கு டேப் அக்கா என்று பெயர். அகலமான ஒட்டு டேப் சுருளை எப்போதும் வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டிருப்பார்.

"அக்கா, பெரியவரை நிறுத்திட்டேனே. இந்த லேபிள் எங்கிருந்து வருது?"

"எங்கிருந்துன்னா? சின்னவர்கிட்ட இருந்துதான்."

"எந்தச் சின்னவர்?"

கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். சூரியன் எது என்று கேட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"என்ன மேடம், உங்களுக்குத் தெரியாதா?" டேப் அக்கா குனிந்து, மேசைக்கு அடியில் அடுக்கியிருந்த காலி அட்டைப் பெட்டிகளை விலக்கினார். சுவரோரம், தூசி படிந்த ஒரு கணினிப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது. "பாவம், கூச்சம் அவருக்கு."

கதை பத்து வாக்கியத்தில் வந்துவிட்டது. டை கட்டிய கூட்டம் பயிற்சி கொடுத்த காலத்தில், பழகிப் பார்ப்பதற்காகப் பெரியவரைப் போலவே ஒரு நகல் செய்து வைத்திருந்தது. அந்த நகலில் ஒரு வசதி. ஒரே அழுத்தில் லேபிள் வந்துவிடும். நிஜப் பெரியவரிடமோ ஒவ்வொரு ரோல் லேபிளுக்கும் ஸ்டோர், தரப் பிரிவு, மேனேஜர் என்று மூன்று பேர் 'சரி' கொடுக்க வேண்டும். ஒருவர் கூட்டத்தில் இருப்பார், இன்னொருவர் சாப்பிடப் போயிருப்பார். லாரிக்காரர் வாசலில் கத்துவார். பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பியபோது, டேப் அக்கா அந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். நகலை அணைத்துவிடாமல் மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போகும்படி கேட்டார். அவரும் நல்ல மனதோடு செய்து கொடுத்தார். காலையில் பெரியவரிடமிருந்து அன்றைய லாட் விவரங்களை மொத்தமாக வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு தொடர்பும், கோளாறு வந்தால் தன் வீட்டிலிருந்தே சரிசெய்ய வெளியே ஒரு வழியும் வைத்தார். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். வழியை மூட யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒன்று இருப்பதே மாடிக்குத் தெரியாது.

"அப்போ இவருக்கு நான் ஒரு ஒட்டு கூடப் போட்டதே இல்ல" என்றார் பஞ்சர் மேடம்.

"அவருக்கு எதுக்கு மேடம்? ஒரு நாள் கூட மக்கர் பண்ணதில்ல. தங்கமானவர்."

"அக்கா, பெரியவர்கிட்ட இருக்கிற அதே ஓட்டை இவர்கிட்டயும் இருக்கு. இவர் கையைப் பிடிச்சுக்கிட்டே பெரியவர் அறைக்குள்ள போயிடலாம். நான் மாடியில வாசலைப் பூட்டிட்டு இருக்கேன், நீங்க கீழ கொல்லைப்புறத்தைத் திறந்து வெச்சிருக்கீங்க."

டேப் அக்காவின் முகம் மாறியது. ஆனாலும் பெட்டிக்கும் பஞ்சர் மேடத்துக்கும் நடுவில் வந்து நின்றார். "இவரை நிறுத்தினா எனக்கு லேபிள் கிடையாது. பாதிக் கேன்தான் ஒட்டியிருக்கு. மதியம் லோடு போகலைன்னா உங்களையா கேப்பாங்க? என்னைத்தான் கேப்பாங்க."

"என்னைத்தான் கேப்பாங்க. காலையில நான்தான் வாக்குக் கொடுத்தேன். முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பார்க்க விடுங்க."

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பழைய திரையை மாட்டினார். ஏற்றப்பட்ட கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்தார். லேபிள் வடிவங்கள். யாரோ ஒருவரின் குழந்தை தொட்டிலில் தூங்கும் படம். "என் தங்கச்சி பையன்" என்று ஒரு பெண் கூச்சத்தோடு சொன்னார். "அங்க போட்டா பெரிய திரையில பார்க்கலாம்னுதான்…" அடுத்து இன்னொரு கோப்பு. எழுத்தும் எண்ணும் கலந்த, அர்த்தமில்லாத பெயர். வந்தது அன்று காலை.

"இது யார் போட்டது?"

டேப் அக்கா மெல்ல, "எங்களுக்கு இந்த மாதிரி பேர் வைக்கவே தெரியாது மேடம்" என்றார்.

பஞ்சர் மேடம் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினார். பிரிண்டர் கம்பியையும் பிடுங்கினார். ஒரு லேபிள் பாதியில் நின்றது. லாட் எண் இருந்தது, தேதி இல்லை.

கூடம் முதல் தடவையாக அமைதியானது.

மாடிக்கு ஓடவில்லை, நடந்தார். ஆனால் அவர் பின்னால் நடந்தவர்கள் ஓட வேண்டியிருந்தது. பச்சைக் கோடு முடிவை எட்டியிருந்தது. பெரியவரை எழுப்புவதற்கு முன்னால் அவருடைய நினைவுப் பதிவுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார். காலையில் சின்னவர் வழக்கம் போல வந்து லாட் விவரங்களை வாங்கியிருக்கிறார். பிறகு, அவர் வழக்கமாக வராத நேரத்தில் ஒரு தடவை வந்திருக்கிறார். வழக்கமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டிருக்கிறார். பெரியவரைப் பயன்படுத்தும் எல்லோருடைய பெயர்களையும் கேட்டிருக்கிறார். பெரியவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தூங்கப் போய்விட்டார். அந்தக் கேள்வி பாதியிலேயே அறுந்து கிடந்தது.

வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். பஞ்சர் மேடம் திரையைக் காட்டி விளக்கினார்.

மேனேஜர் திரையருகே குனிந்து அந்த வரியைப் படித்தார். "சனிக்கிழமை வரைக்கும் விடலாம்னு சொன்ன மடையன் யாரும்மா?"

"எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"சரி. இப்போ எழுப்பலாமா?"

"எழுப்பலாம். எல்லார் பாஸ்வேர்டையும் மாத்திட்டுத்தான். சின்னவரோட வழியையும் அடைச்சுட்டேன். ஆனா இன்னொண்ணு இருக்கு. லேபிள் இனிமே பெரியவர்கிட்டதான் வாங்கணும். மூணு பேர் சரி சொல்லணும். நீங்க, தரப் பிரிவு, ஸ்டோர். மூணு பேரும் என்கூட கீழ வாங்க."

"இங்க இருந்தே கொடுக்கிறோமே?"

"வேண்டாம் சார். கீழ வாங்க. இல்லன்னா லோடு போகாது."

அன்றைக்குப் பேக்கிங் கூடத்தில் நடந்ததை அங்கிருந்த பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். காலையில் ஒட்டிய லேபிள்களை நம்புவதற்கில்லை என்பதால், தர அதிகாரி கேன் கேனாகக் குனிந்து பெரியவரோடு ஒத்துப் பார்த்தார். அவர் குனிந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எல்லாம் சரியாக இருந்தது. புதிய லேபிள்களுக்காக, அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு மூன்று அதிகாரிகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மடியில் மடிக்கணினி. டேப் அக்கா ஒரு ரோல் கேட்பார். ஸ்டோர் அதிகாரி சரி கொடுப்பார். பெரியவர் யோசிப்பார். தர அதிகாரி சரி கொடுப்பார். பெரியவர் யோசிப்பார். மேனேஜர் சரி கொடுப்பார். ஜ்ர்ர்ர்க், டக். பிறகு அடுத்த ரோல்.

ஒரே லாட். ஒரே எண். ஆனால் ஒவ்வொரு ரோலுக்கும் புதிதாக மூன்று சரி.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரே லாட்டுக்கு எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்குறார் இவர்?"

"எங்களையும் அப்படித்தான் சார் கேட்டார்" என்றார் டேப் அக்கா, டேப்பைச் சர்ரென்று இழுத்துக் கிழித்துக்கொண்டே. "நான் வந்து சொன்னேன். பெரியவர் சொன்னா சொன்னதுதான்னு அனுப்பி வெச்சீங்க."

"எப்போ சொன்னேன்?"

"கேக் வெட்டின அன்னிக்கு. வாயில கேக்கோட சொன்னீங்க."

கூடம் வெடித்துச் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார், வேறு வழியில்லை. "மேடம், இதை மாத்த முடியுமா? லாட்டுக்கு ஒரு தடவை சரி சொன்னா போதும்ங்கிற மாதிரி?"

"முடியும் சார். நீங்க மூணு பேரும் ஒத்துக்கணும். மூணு பேரும் இங்கதான் இருக்கீங்க."

ஸ்டோர் அதிகாரி கைகளைத் தூக்கினார். தர அதிகாரி கொஞ்சம் யோசித்து, தான் சோதித்த லாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு தலையசைத்தார். பஞ்சர் மேடம் அங்கேயே, கவிழ்த்த அட்டைப் பெட்டியில் உட்கார்ந்து, அதை மாற்றினார். அடுத்த சரிக்குப் பிறகு பிரிண்டர் நிற்கவே இல்லை. சின்னவர் காலத்தை விட வேகமாக ஓடியது. பெண்கள் கிழிப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது.

லாரிகள் வழக்கத்தை விடக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பின. ஆனால் கிளம்பின. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கொடுக்க, தடுப்புக் கம்பம் ஏறி ஏறி இறங்கியது. கடைசி லாரியின் பின்னால் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டு வந்த லோடு அண்ணன், "வாக்கைக் காப்பாத்திட்டீங்க மேடம். டிரைவருங்க கேக்குறாங்க, நாளைக்கும் ஸ்டெப்னி மாத்தணுமான்னு" என்றார். அப்போதுதான் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனார்.

பஞ்சர் மேடம் சின்னவரை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தார். வந்தவன் யார், எந்த வழியாக வந்தான் என்பதைப் பார்க்க அந்தப் பெட்டி வேண்டும். டேப் அக்காவே அதைச் சுற்றிலும் டேப் ஒட்டி, யாரும் திறக்காதபடி கட்டிக் கொடுத்தார். கட்டும்போது மேலே இருந்த துணியை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்.

"கோவமா அக்கா?"

"உங்க மேல இல்ல. இவரை நம்பித்தானே இத்தனை வருஷம் லோடு அனுப்பினேன்? இவன் எவனையோ உள்ள விட்டிருக்கானே." சின்னவருக்கு அதுவரை இருந்த மரியாதை அந்த வாக்கியத்தோடு போய்விட்டது. "இந்த மாதிரி வேற எங்கயாவது இருக்குமா மேடம்?"

அந்தக் கேள்வி காலையிலிருந்தே பஞ்சர் மேடத்தின் மனதில் இருந்தது. அவர் மேனேஜரிடம் போனார்.

"சார், இன்னொரு தடவை நிறுத்தணும்."

"எதை?"

"பெரியவரைத்தான். லோடு போயிடுச்சுல்ல. கொஞ்ச நேரம் போதும். ஒட்டு போட்டாச்சு, இப்போ முழுச் சுற்று பார்க்கணும்."

மேனேஜர் மறுப்புச் சொல்லவில்லை. சனிக்கிழமை என்ற சொல்லை அவர் வாய் வரை கொண்டுவந்து விழுங்கியதாக மட்டும் பஞ்சர் மேடம் பிற்பாடு வீட்டில் சொன்னார்.

பெரியவர் மறுபடி படுத்தார். இந்த முறை பஞ்சர் மேடம் தனியாகப் போகவில்லை. மேனேஜர் வந்தார், டேப் அக்கா வந்தார், வேலையில்லாத எல்லோரும் பின்னால் வந்தார்கள். ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து நின்று, பேசாமல் காது கொடுத்தார்கள். ஸ்டோர். தர ஆய்வகம். கணக்குப் பிரிவு. பேக்கிங் கூடத்தில் பிரிண்டர் வாய் மூடி இருந்தது. காவலாளி கம்பத்தில் சாய்ந்திருந்தார். கட்டடம் தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

கேன்டீன் கதவைத் திறக்கும்போது உள்ளே 'பீப்' என்றது. மறுபடியும் 'பீப்'.

எல்லோரும் உறைந்துவிட்டார்கள். பஞ்சர் மேடம் மட்டும் நேராக உள்ளே போனார்.

லோடு அண்ணன் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து சூடான டப்பாவைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது.

"என்ன? சாப்பிடுறதுக்கும் மூணு பேர் சரி சொல்லணுமா?"

பஞ்சர் மேடம் அடுப்பின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். மின்கம்பி மட்டும்தான் இருந்தது, நெட்வொர்க் கம்பி இல்லை. "வேண்டாம் அண்ணே, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பெரியவரை எழுப்ப மாடிக்குப் போனார்.